ஆயாவின் டப்பாவில் இருந்த மூன்று கற்கள்

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் கூடத்தில், சனிக்கிழமை காலைதோறும் பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். சென்ற குளிர்காலத்தில் அவர்களில் ஒரு அக்கா துருப்பிடித்த பிஸ்கெட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். டோங்காட்டில், கரும்புத் தோட்டத்து வீட்டில் வாழ்ந்து முடித்த அவருடைய ஆயாவின், அதாவது பாட்டியின், டப்பா.

உள்ளே மூன்று பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தமிழில் ஒரு சொல். அக்கா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: "து-ரு-சு. அன்-ன-பே-தி. ப-டி-கா-ர-ம்." பாடப் புத்தகத்துக்கு வெளியே அவர் தமிழில் படித்த முதல் சொற்கள் அவை. படித்துவிட்டு நிமிர்ந்து, "தம்பி, வாசித்துவிட்டேன். ஆனால் என்ன வாசித்தேன் என்று தெரியவில்லை" என்றார்.

முதல் பொட்டலத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கல். இரண்டாவதில் வெளியே பழுப்பு மாவு பூத்த ஒரு கட்டி. உடைத்துப் பார்த்தால் நடுவில் மட்டும் இளம்பச்சை. மூன்றாவதில் கற்கண்டுபோல் ஒளி ஊடுருவும் வெள்ளைக் கல். பள்ளியில் முப்பது ஆண்டு வேதியியல் நடத்திய எனக்கு இவற்றைப் பார்த்ததும் வேறு பெயர்கள் நாக்கில் வந்தன: காப்பர் சல்பேட், பெரஸ் சல்பேட், பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். அவற்றைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆயா எழுதிவைத்த பெயர்கள் வழியாகவே போவோம் என்று முடிவு செய்தேன். அன்று வகுப்பில் பாதி சொன்னதும், நேரமில்லாமல் விட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சல்பேட் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். உலோகம் ஒன்று கந்தக அமிலத்தோடு சேர்ந்தால் பிறக்கும் உப்பு அது. சமையல் உப்பில் சோடியமும் குளோரினும் இருப்பதுபோல், சல்பேட்டில் ஒருபுறம் ஓர் உலோகம்; மறுபுறம் ஒரு கந்தக அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் அமர்ந்த ஒரு கூட்டம். உலோகம் செம்பானால் நீலம், இரும்பானால் பச்சை, துத்தநாகமோ அலுமினியமோ ஆனால் நிறமற்ற வெள்ளை. இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும். கரைந்த நீர் வற்றும்போது கண்ணாடிச் சில்லுபோல் பளபளக்கும் படிகங்கள் திரளும்.

அந்தப் பளபளப்புதான் ஐரோப்பியர் வைத்த பெயருக்குக் காரணம். லத்தீனில் 'வித்ரம்' என்றால் கண்ணாடி. அதிலிருந்து வந்தது 'வித்ரியோல்'. நீல வித்ரியோல், பச்சை வித்ரியோல், வெள்ளை வித்ரியோல் என்று நிறத்தை முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் பண்ணை வைத்திருக்கும் ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்காரர்கள் துருசை இன்றும் 'ப்ளோவித்ரியூல்' என்பார்கள். அது நீல வித்ரியோலேதான். நம் 'படிகாரம்' என்ற சொல்லிலும் படிகம் ஒலிக்கிறது பாருங்கள். இரண்டு இடத்திலும் கண் பார்த்தது ஒன்றுதான்.

ரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இதை எப்படி எடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். வித்ரியோல் கலந்த கிணற்று நீரை நல்ல தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சி மரத்தொட்டிகளில் ஊற்றுவார்கள். கல் கட்டிய கயிறுகளைத் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். நாளாக ஆக, கயிற்றில் கண்ணாடித் திராட்சைக் கொத்துபோல் படிகம் காய்த்துத் தொங்கும். கற்கண்டுக்கு நூல் கட்டுகிறார்களே, அதே வேலை. அக்காலச் செருப்புத் தைப்பவர்கள் தோலைக் கறுப்பாக்க இதைப் பயன்படுத்தியதால் 'செருப்புக்காரர் கறுப்பு' என்றும் ஒரு பெயர் உண்டு. எனக்கு இந்தப் பெயர்தான் மிகவும் பிடிக்கும். பொருளின் குலம் கோத்திரம் கேட்காமல், இது என்ன வேலை செய்யும் என்று மட்டும் சொல்லும் பெயர்.

பாரசீகத்து மருத்துவரும் ரசவாதியுமான அல்-ராஸி (சுமார் 865–925) மண்ணிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆறு வகுப்பாகப் பிரித்தபோது, வித்ரியோல்களுக்கென்று தனி வகுப்பே ஒதுக்கினார். அரபியில் அவற்றுக்கு 'ஸாஜ்' என்று பெயர். பிறகு வந்த ஐரோப்பிய ரசவாதிகள் உலோகங்களைக் கிரகங்களோடு முடிச்சுப்போட்டார்கள். செம்பு சுக்கிரனுக்கு, இரும்பு செவ்வாய்க்கு. ஆகவே துருசு 'சுக்கிரனின் வித்ரியோல்' ஆயிற்று. அன்னபேதி 'செவ்வாயின் வித்ரியோல்' ஆயிற்று. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நமக்கு இரும்பு சனி பகவானுக்கு உரியது அல்லவா!

இனி நீலக் கல்.

துருசு, மயில்துத்தம் என்ற இரண்டு பெயரும் ஒரே கல்லுக்கு உரியவை. இரண்டாவதில் மயில் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு சிட்டிகைப் பொடியைப் பழைய கரண்டியில் போட்டு மெழுகுவர்த்தியின் மேல் காட்டினேன். (பிறகு அந்தக் கரண்டியைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.) சற்று நேரத்தில் நீலம் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கடைசியில் கரண்டியில் இருந்தது சுண்ணாம்புபோல் வெள்ளை மாவு. ஆறிய பிறகு அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். விட்ட இடத்தில் நீலம் திரும்பி வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா, "மயில் செத்துப் பிழைத்துவிட்டது" என்றார்.

நடந்தது இதுதான். அந்தப் படிகத்தில் ஒவ்வொரு செம்பு சல்பேட்டோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் குடியிருக்கின்றன. அவை இருந்தால்தான் நீலம். சூட்டில் அவை வெளியேறினால் நிறமும் போகிறது. நூறு கிராம் துருசு வாங்கினால் அதில் 36 கிராம் தண்ணீர். அன்னபேதியில் ஏழு மூலக்கூறு, நூற்றுக்கு 45 கிராம். கடைக்காரர் தண்ணீரை எடை போட்டு விற்கிறார் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கல் கல்லாக நிற்பதே அந்தத் தண்ணீரால்தான்.

அடுத்துச் செய்ததுதான் ரசவாதிகளின் தூக்கத்தைக் கெடுத்த சோதனை. துருசைக் கரைத்த நீரில் துரு நீக்கிய இரும்பு ஆணி ஒன்றை நனைத்து வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆணி சிவந்துவிட்டது. துணியால் துடைத்தால் செம்புப் பொடி ஒட்டிக்கொண்டு வருகிறது. இரும்பு செம்பாகிவிட்டதா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீங்களும் நானும் இதைப் பார்த்திருந்தால் ஆகிவிட்டது என்றுதான் சத்தியம் செய்திருப்போம். இரும்பு செம்பானால், செம்பு ஏன் பொன்னாகக் கூடாது? ரசவாதத்தை ஏமாற்று வேலை என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். ஆனால் கண்ணெதிரே இப்படி ஒரு சாட்சி இருந்தால், நம்பாமல் இருப்பதுதான் மூடத்தனமாகப் பட்டிருக்கும்.

சீனர்கள் இதில் தத்துவம் பேசி நேரத்தைக் கழிக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் சோங் பேரரசு, துருசு கலந்த ஊற்று நீரில் இரும்புத் தகடுகளை ஊறவைத்துச் செம்பைச் சுரண்டி எடுக்கும் தொழிலைப் பெரிய அளவில் நடத்தியது. இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஹெரன்கிரண்ட் என்ற சுரங்க ஊரிலும் இப்படி நீர் கிடைத்தது. அந்தச் செம்பில் கிண்ணங்கள் செய்து, பொன் முலாம் பூசி, மேலே வாசகம் பொறித்து விற்றார்கள். இரும்பாக இருந்தேன், செம்பாக இருக்கிறேன், வெள்ளியைச் சுமக்கிறேன், பொன் என்னைப் போர்த்தியிருக்கிறது என்று கிண்ணமே பேசும் வாசகம் அது.

உண்மையில் நடப்பது பண்டமாற்று. நீரில் கரைந்திருக்கும் செம்பு, தன்னைவிட வேகமாகக் கரையத் துடிக்கும் இரும்பைக் கண்டதும் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையேறுகிறது. அந்த இடத்தில் இரும்பு போய் அமர்கிறது. ஆணியை நாள் கணக்கில் ஊறவிட்டால், நீரின் நீலம் மங்கிப் பச்சைச் சாயல் ஏறும். இப்போது குவளையில் இருப்பது அன்னபேதி நீர். ஆயாவின் முதல் பொட்டலம் இரண்டாம் பொட்டலமாக மாறிவிட்டது! 1617இல் ஆஞ்சலோ சாலா என்ற மருத்துவர் இந்த முடிச்சை அவிழ்த்தார். செம்பு, கந்தக அமிலம், தண்ணீர் மூன்றையும் சேர்த்துத் தானே நீல வித்ரியோலைச் செய்து காட்டினார்; மண்ணில் கிடைத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. செம்பு முதலிலேயே உள்ளே இருந்தது. எதுவும் எதுவாகவும் மாறவில்லை.

இரண்டாவது பொட்டலத்தைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. அன்னத்தைப் பேதிப்பது, அதாவது சோற்றைப் பிரித்துக் கரைப்பது அன்னபேதி என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'காப்பரஸ்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. காப்பர் என்று கேட்டதும் செம்பு என்று நினைத்தால் ஏமாந்தோம். இதில் செம்பு துளியும் இல்லை. பழைய பெயர்களை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இப்படிக் காலை வாரிவிடும் பெயர்களும் அவற்றில் உண்டு.

ஆயாவின் கட்டி வெளியே பழுப்பாகிக் கிடந்ததற்குக் காரணம் காற்று. ஈரக் காற்றில் ஆக்சிஜன் ஏறி, பச்சை இரும்பு உப்பு துருவின் நிறத்துக்குப் போகிறது. டர்பன் கடற்காற்றில் அது நடுவில் மட்டுமாவது பச்சையாக மிஞ்சியதே பெரிது.

இதன் தலையாய வேலை மை. கடுக்காயைத் தட்டி ஊறவைத்த நீரில் அன்னபேதியைக் கரைத்தால் கறுப்பு மை. நம் ஊரில் கடுக்காய் மை, ஐரோப்பாவில் கருவாலி (ஓக்) மரத்தில் பூச்சி கடித்துப் புடைத்த மாசிக்காய் மை. காய் வேறானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று: டானின் என்னும் துவர்ப்புப் பொருள். இரும்பும் டானினும் கை கோத்தால் தண்ணீரில் கரையாத கறுப்பு பிறக்கிறது. எழுதும்போது வெளிறி இருக்கும் எழுத்து, காகிதத்துக்குள் இறங்கிக் காற்றுப்பட்டு நாளடைவில் கறுக்கும். கழுவினாலும் போகாது. அதனால்தான் பல நூற்றாண்டுகளாக அரசு ஆவணங்களுக்கு இந்த மையையே நம்பினார்கள்.

இதைச் சொன்னபோது கூடம் சற்று அமைதியாகிவிட்டது. காரணம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது. அன்றுமுதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலில் உள்ள தழும்பு என்று பதிவேடுகளில் எழுதிவைத்தார்கள். வகுப்பில் இருந்த பலரும் டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் வரியைத் தேடிப் பார்த்தவர்கள். அந்தக் காலத்து அலுவலக மைகளில் பெரும்பாலானவை இரும்பு மைகள்தான். பழைய ஏடுகளில் எழுத்தைச் சுற்றிக் காகிதம் பழுத்து, சில இடங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்னபேதியில் இருந்த அமிலமும் இரும்பும் சேர்ந்து காகிதத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. பெயரைக் காப்பாற்றிய அதே பொருள்தான் தாளை அரிக்கிறது.

இந்த மையை நாம் நம் வயிற்றுக்குள்ளும் செய்துகொள்கிறோம் என்பது வேறு கதை. சோகைக்கு மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைகளில் பல, அன்னபேதியேதான். தண்ணீர் நீக்கிய பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம். அதில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு. மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்று செவிலியர் சொல்வது ஏன்? தேயிலையிலும் டானின் உண்டு. இரும்பு அதனோடு சேர்ந்துகொண்டால் உடம்பில் ஏறாது. நம்ப மறுத்தவர்களுக்காக ஒரு மாத்திரையைப் பொடித்து, பால் ஊற்றாத கடுந்தேநீரில் போட்டுக் கலக்கினேன். தேநீர் கருமையாயிற்று. மகப்பேறு மருத்துவமனையில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்த அக்கா, டப்பா கொண்டுவந்த அதே அக்கா, அந்தக் கோப்பையை வெகுநேரம் பார்த்தபடி இருந்தார். "இத்தனை வருஷம் வாயால் சொன்னதை இப்படி ஒரு கோப்பையில் காட்டியிருக்கலாமே" என்றார்.

அன்னபேதியைச் சுட்டால் என்ன ஆகும்? முதலில் தண்ணீரை விட்டு வெளுக்கும். மேலும் கடுமையாகச் சுட்டால் மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். மிஞ்சுவது செந்நிறப் பொடி. நம் சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் என்று ஒன்று உண்டு. புடம் போட்டு எடுப்பது. ஐரோப்பாவில் அன்னபேதியைச் சுட்டு மிஞ்சும் சிவப்புக்குக் 'கொல்கோத்தார்' என்று பெயர். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் மெருகேற்ற உதவியது. சித்தர் வழியில் சாறும், மருந்தோடு சேர்த்து உட்கொள்ளும் அனுபானமும் கூடுதல். வேதியியல் கண்ணுக்கு இரண்டிலும் அடிப்படை இரும்பு ஆக்சைடுதான். தமிழ் வைத்தியரும் ஜெர்மானியக் கொல்லரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே சிவப்பில் வந்து நிற்கிறார்கள்.

வெளியேறிய புகைதான் உலகத்தை மாற்றியது. அதை விடாமல் பிடித்து வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், குளிரவைத்தால் எண்ணெய்போல் கனத்த ஒரு நீர் சொட்டும். 'வித்ரியோல் எண்ணெய்' என்றார்கள். நாம் கந்தகத் திராவகம் என்கிறோம். எண்ணெய் என்ற பெயரை நம்பித் தொட்டவன் தோல் கருகும். அன்னபேதியையும் வெடியுப்பையும் சேர்த்து வடித்தால் வேறொரு திராவகம் கிடைக்கும். அது வெள்ளியைக் கரைக்கும், பொன்னைத் தொடாது. பொற்கொல்லர்களுக்கு அதுவே வரம். வெடியுப்பு, படிகாரம், அன்னபேதி எல்லாம் சேர்த்து வாலையில் வடிக்கும் திராவக முறைகள் சித்த மருத்துவத்திலும் உள்ளன.

இவ்வளவு வித்தை காட்டும் பொருளை ரசவாதிகள் சும்மா விடுவார்களா? வித்ரியோல் என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு லத்தீன் சொல்லை வைத்து ஒரு மந்திர வாக்கியம் கட்டினார்கள். பூமியின் உள்ளே போய்ப் பார், சுத்தி செய்தால் மறைந்திருக்கும் கல்லைக் காண்பாய் என்பது அதன் கருத்து. மறைபொருள் பேசுவதில் நம் சித்தர்களுக்கு அவர்கள் இளைத்தவர்கள் இல்லை.

பின்னாளில் அன்னபேதியைச் சுடாமல், கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்தே அமிலம் செய்யத் தொடங்கினார்கள். 1736இல் லண்டன் அருகே ஜோஷுவா வார்ட் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் செய்தார். 1746இல் பர்மிங்ஹாமில் ஜான் ரோபக் கண்ணாடிக்குப் பதில் ஈயத் தகட்டால் அறை கட்டினார். கண்ணாடி உடையும், ஈயம் உடையாது. அதோடு விலை சரிந்தது. துணி, சாயம், உரம், வெடிமருந்து என்று தொழிற்சாலை யுகமே அந்த மலிவான அமிலத்தின் மேல் ஏறிக்கொண்டது.

பூமியின் உள்ளே போய்ப் பார் என்ற அந்த வாக்கியத்தை நாங்கள் இந்த நாட்டில் வேறுவிதமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். என் தங்கை ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போகும் வழியில் மஞ்சள் மலைபோல் தெரிபவை மலைகள் அல்ல. தங்கச் சுரங்கத்திலிருந்து அள்ளி அரைத்துக் கொட்டிய கழிவுக் குன்றுகள். 1886இல் அங்கே பொன் கண்டெடுத்தார்கள். பொன் இருந்த பாறையில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகமும் இருந்தது. பளபளப்பைப் பார்த்துத் தங்கம் என்று ஏமாறுபவர்கள் உண்டு என்பதால் 'முட்டாளின் தங்கம்' என்று அதற்குப் பட்டப்பெயர். பூமிக்குள் இருந்தவரை அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. வெளியே வந்து காற்றும் மழையும் பட்டதும், இரும்பைத் தின்னும் நுண்ணுயிர்களின் துணையோடு, அன்னபேதியாகவும் கந்தக அமிலமாகவும் மாறத் தொடங்கிவிட்டது. வாலையும் இல்லை, அடுப்பும் இல்லை. ரசவாதியின் பட்டறை தானாக நடக்கிறது.

2002இல் க்ரூகர்ஸ்டோர்ப் அருகே, கைவிடப்பட்ட சுரங்கங்களில் நிரம்பிய அமில நீர் மேலே வழிந்து ஓடைகளில் கலந்தது. செந்நிறமாக ஓடிய அந்த நீரின் படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்த நினைவு பலருக்கு இருக்கலாம். ஆயாவின் கட்டியின் மேல் படிந்த அதே பழுப்புத்தான், காற்றுப்பட்ட இரும்பு. குளிர்காலத்தில் மழை இல்லாத மாதங்களில் கழிவுக் குன்றுகளின் அடிவாரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூக்கும். தங்கையின் மகனோடு ஒருமுறை நடந்தபோது, "மாமா, பனி பெய்திருக்கிறது" என்று அவன் ஓடினான். பிடித்து நிறுத்தினேன். பிளினி சொன்ன கயிற்றுத் திராட்சை எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நீரைச் சுத்தப்படுத்தச் சுண்ணாம்பு இடுகிறார்கள். சுண்ணாம்பு அமிலத்தை அடக்கி, ஜிப்சமாகச் சேறோடு சேர்ந்து படிகிறது. ஜிப்சமும் ஒரு சல்பேட்தான், கால்சியம் சல்பேட். சித்த மருத்துவத்தில் அதற்குக் கற்பூர சிலாசத்து என்று கம்பீரமான பெயர்.

மூன்றாம் பொட்டலத்துக்கு அறிமுகமே வேண்டாம். டர்பன் கடைகளின் வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டி, மிளகாயோடு திருஷ்டிக்குத் தொங்குகிறதே, அதுதான் படிகாரம். முகம் மழிக்கும்போது கீறல் பட்டால் தேய்ப்பார்கள். இரத்தத்தில் உள்ள புரதத்தை உறையவைத்துக் கசிவை நிறுத்தும். கலங்கல் நீரில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், அதிலுள்ள அலுமினியம் சேற்றுத் துகள்களை ஒன்றாகக் கூட்டி அடியில் உட்காரவைக்கும். சாயத் தொட்டியில் துணியை ஒரு கையாலும் நிறத்தை மறு கையாலும் பிடித்துக்கொள்ளும். சாயத் தொழில் இதை நம்பியே இருந்ததால், 1460களில் இத்தாலியின் தோல்ஃபாவில் படிகாரப் பாறை கிடைத்ததும் போப்பரசர் அதைத் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டார். லத்தீனில் இதன் பெயர் 'அலூமென்'. 19ஆம் நூற்றாண்டில் இதற்குள்ளிருக்கும் உலோகத்துக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது அலுமினியம் என்றார்கள். நம் வீட்டு இட்லிப் பானை, திருஷ்டிக் கல்லின் பெயரைத்தான் சுமக்கிறது.

டப்பாவில் இல்லாத சிலவற்றையும் கேட்டார்கள். பேதி உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்று நீரை, 1618இல் கடும் வறட்சியிலும் மாடுகள் குடிக்க மறுத்தனவாம், கசப்பு. மாடு வேண்டாம் என்றதை மனிதர்கள் மருந்தாக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்கான்ஸில் அதற்கு 'எங்கல்ஸ சௌட்', ஆங்கிலேய உப்பு. சோடியம் சல்பேட்டைக் கண்டு வியந்த ஜெர்மானிய வேதியியலர் கிளாபர் (1604–1670) அதற்கு 'அற்புத உப்பு' என்றே பெயரிட்டார். அதுவும் வயிற்றைக் கழுவத்தான். பால்துத்தம் அல்லது வெள்ளைத் துத்தம் என்பது துத்தநாக சல்பேட். முன்பு கண் கழுவும் மருந்து. இன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தரும் சிங்க் மாத்திரைகளில் பெரும்பாலும் இதுவே.

துருசைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட மாட்டேன். அந்த நாளில் வாந்தி எடுக்கவைக்க இதைக் கொடுத்தார்கள். இமைக்குள் நோய் வந்தால் இந்தக் கல்லாலேயே தேய்த்தார்கள். ஆயாவும் வாய்ப்புண்ணுக்குத் தொட்டுவைத்திருக்கலாம். நீங்கள் தொட வேண்டாம். கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனாலும் சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும் நஞ்சு அது. சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் எதையும் எடுப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. துருசின் நல்ல வேலை இன்று வயலில்தான். 1880களில் பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்கத் துருசும் சுண்ணாம்பும் கலந்து இலையில் தெளித்துவைத்தார்கள். தெளித்த கொடிகளில் பூஞ்சை நோய் வரவில்லை. தாவரவியலர் மில்லார்தே அதைக் கவனித்து 1885இல் எழுதினார். திருடனுக்கு வைத்த மருந்து பூஞ்சைக்கு மருந்தாயிற்று. இன்றும் உலகம் முழுவதும் திராட்சைத் தோட்டங்களில் போர்தோ கலவை என்று தெளிக்கிறார்கள்.

வகுப்பு முடியும் நேரத்தில் அக்கா டப்பாவைத் தூக்கி எறிவதில்லை என்று முடிவெடுத்தார். குழந்தைகள் கைக்கு எட்டாமல், தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் வைக்கச் சொன்னேன். குப்பிக்கு ஒட்ட மூன்று சீட்டு வேண்டும். அதற்கென்றே விக்டோரியா தெருச் சந்தையிலிருந்து கடுக்காய் வாங்கி, தட்டி, முந்தைய இரவே ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஆயாவின் கட்டியிலிருந்து பச்சை நடுப்பகுதியைச் சுரண்டி அதில் கரைத்தோம். அக்கா மரக்குச்சியைத் தொட்டுத் தொட்டு, மூன்று சீட்டிலும் ஆயா எழுதியபடியே மூன்று சொற்களை எழுதினார். சாம்பல் நிறத்தில், படிக்க முடிந்தும் முடியாமலும் இருந்தது. "மை சரியில்லை, தம்பி" என்றார். அடுத்த சனிக்கிழமை குப்பிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்று பெயரும் கன்னங்கறேலென்று இருந்தன.